தர்மராஜுக்கு ஒரு தலையணை

அதன் மேல் சாய்ந்துவிடாதீர்கள் சார். தலையணைதான், சாய்வதற்குச் செய்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இது இன்னொருவருக்குப் போய்ச் சேரவேண்டியது. திண்டுக்கல்லில் தர்மராஜ் என்று ஒருவர் இருக்கிறார். இருக்கிறார் என்றால், அப்படி ஒருவர் கிடையாது. அதுதான் சிக்கல்.

நீங்கள் தேனியில் பஸ் ஏறும்போதே பார்த்தேன். உங்கள் மீசையைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. பெரிய உதவி ஒன்றும் இல்லை. வத்தலக்குண்டில் வண்டி காபிக்கு நிற்கும். அங்கே இறங்கி, இந்தத் தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோவுக்கு நிற்கவேண்டும். அவ்வளவுதான். சிரிக்கக் கூடாது. தர்மராஜ் சிரிக்கிற ஆள் இல்லை. அந்த போட்டோ இல்லாமல் இன்றைக்கு நான் வீட்டு வாசலை மிதிக்க முடியாது சார். மிதித்தால் என் மனைவிக்கு எல்லாம் தெரிந்துபோகும். அதற்குப் பிறகு என் பேச்சுக்கு வீட்டில் என்ன மதிப்பு இருக்கும், சொல்லுங்கள்.

நான் கோளாறான ஆள் இல்லை. போடியில் வந்து பஞ்சுக்கடை சுருளிவேல் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை. எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. தலையணையின் ஒரு பக்கத்தில் கை நுழைகிற அளவுக்குத் தைக்காமல் விட்டு வைப்போம். அதற்கு வாய் என்று பெயர். வாங்க வருகிறவர் கையை உள்ளே விட்டு, அடியாழம் வரை துழாவி, பஞ்சை ஒரு பிடி எடுத்து முகர்ந்து, திருப்தி ஆன பிறகு அவர் கண் முன்னாலேயே தைத்துக் கொடுப்போம். வாய் தைத்த தலையணை எங்கள் அலமாரியில் ஒன்றுகூட இருக்காது.

நல்ல பழக்கம்தான். ஆனால் கையை விடுவதற்கு ஆள் வரவேண்டாமா? எல்லோரும் ஃபோம் மெத்தைக்குப் போய்விட்டார்கள். என் மனைவியின் தம்பி சவுந்தரபாண்டி, தேனி ரோட்டில் பெரிய ஃபோம் ஷோரூம் வைத்திருக்கிறான். "மாமா, பொங்கலோட கடையை மூடிட்டு எங்கிட்ட வந்து உட்காருங்க. ஏசியில உட்காரலாம். தும்மல் வராது" என்றான். தும்மலைப் பற்றி அவன் ஏன் பேசவேண்டும்? பஞ்சுத்தூசியில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தும்மல் ஒரு குறையா? ஆனால் உள்ளுக்குள் நான் சரி என்று முடிவு செய்துவிட்டேன். களைத்துப் போயிருந்தேன் சார். ஈ ஓட்டுவது எவ்வளவு களைப்பான வேலை என்று கடை வைத்தவனுக்குத்தான் தெரியும்.

இந்திராணிதான் கேட்கவில்லை. இந்திராணி என் மனைவி. "பொங்கல் வரைக்கும் எங்கிட்ட விடுங்க. போன்ல வித்துக் காட்டுறேன்" என்றாள்.

"தலையை வெச்சுப் பார்க்காம எவன் தலையணை வாங்குவான்?"

"வாங்கினா?"

"வாங்கினா கடை உனக்கு. வாங்கலேன்னா பொங்கலோட மூடிடணும்."

இதுதான் எங்கள் பந்தயம். அவள் வெள்ளந்தி சார். உலகம் தெரியாது. அதனால்தான் உடனே சரி என்றாள்.

அதற்கேற்ற மாதிரி ஜெசிந்தா டீச்சர் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தலையணை வாங்க வந்தவர், வாயில் கையை விட்டபடியே இந்திராணியோடு பேச ஆரம்பித்தார். கையை எடுக்கவே இல்லை. எங்கள் மருமகன் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் ஒன்று பூந்தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்து, ஓடவைக்க லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். திரையில் ஒரு பென்குயின் வந்து உட்கார்ந்தது. எழுத்தெல்லாம் தமிழிலேயே வந்தது. படத்தைச் சீர்செய்ய கிம்ப், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ், இணையத்தில் கடை போட இன்னொன்று. எல்லாம் இலவசம்.

எனக்கு இலவசம் என்றாலே சந்தேகம்தான். "சும்மா குடுக்கிறான்னா உள்ள ஏதோ வெச்சிருப்பான் டீச்சர்" என்றேன்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "உங்க தலையணை மாதிரிதான் சார். வாயைத் திறந்தே வெச்சிருக்காங்க. உள்ள என்ன இருக்குன்னு, வேலை தெரிஞ்சவங்க யார் வேணா கையை விட்டுப் பார்க்கலாம். கட்டி தட்டியிருந்தா எடுத்துட்டு வேற பஞ்சு வைக்கலாம்."

"நாங்க கடைசியில தைச்சிடுவோமே."

"இவங்க தைக்கிறதே இல்ல சார்."

இந்தப் பதில் பல நாள் என்னைக் குடைந்தது. தைக்காமல் விட்டால் பஞ்சு பறந்துபோகாதா? ஏன் பறக்கவில்லை? இப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு இப்படித்தான் சார், எதையும் சும்மா விட முடியாது. பெரியகுளம் வருகிறது பாருங்கள். காலை மடக்கிக்கொள்ளுங்கள், ஏறுகிற கூட்டம் மிதித்துவிடும்.

எங்கே விட்டேன்? ஆமாம், இந்திராணி ஃபேஸ்புக்கில் கடைக்குப் பக்கம் ஆரம்பித்தாள். தலையணையைப் படம் பிடித்துப் போட்டாள். நாலு பேர் கைதட்டினார்கள். 'அருமை சகோதரி' என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அருமையா? அந்தப் படத்தில் தலையணை எது, நிழல் எது என்றே தெரியவில்லை. வியாபாரம் என்றால் என்னவென்று யாராவது அவளுக்குச் சொல்லவேண்டாமா? வீட்டுக்காரன் சொன்னால் பொறாமை என்பாள். வெளியாள் சொன்னால் உறைக்கும், பயந்து தானாகவே மூடிவிடுவாள். அப்படித்தான் திண்டுக்கல் தர்மராஜ் பிறந்தார்.

என் போனில் பொய்க் கணக்கு ஒன்று தொடங்கி நானே பிறக்கவைத்தேன். முகப்புப் படத்துக்குத் திண்டுக்கல் மலைக்கோட்டையை வைத்தேன். முகம் இல்லாவிட்டாலும் ஒரு கம்பீரம் வேண்டும் அல்லவா? மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம், பின்கட்டில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுவேன். இந்திராணி முன்னால் கல்லாவில் இருப்பாள். முதலில் எழுதினேன்: 'படம் கிணற்றுக்குள் இறங்கி எடுத்தது போல் இருக்கிறது. விற்பது தலையணையா, ஆட்டுக்குட்டியா?'

நான் விரலை எடுத்ததும் முன்பக்கம் அவள் போன் கிணுக் என்றது. அவள் சிரித்தாள் சார். பயப்படவேண்டியவள் சிரிக்கிறாள். "ஏங்க, திண்டுக்கல்லேருந்து தர்மராஜ்னு ஒருத்தர் வந்திருக்காரு. நல்லாத் திட்டுறாரு" என்று உரக்கப் படித்துக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்து, "யாரோ விவரமான ஆளு" என்றேன். மறுநாள் மொட்டைமாடி வெளிச்சத்தில் படம் எடுத்து, அந்தக் கிம்ப்பில் போட்டு நிழலை நீக்கி, பளிச்சென்று ஏற்றினாள். கீழே, 'தர்மராஜ் ஐயா சொன்னபடி மாற்றிவிட்டோம்.'

திட்டியதற்கு நன்றி சொன்னால் மேற்கொண்டு எப்படித் திட்டுவது?

இருந்தாலும் விடவில்லை. 'சகலை வீட்டில் உங்கள் தலையணையில் படுத்தேன். மலை மேல் தலை, பள்ளத்தாக்கில் உடம்பு' என்று எழுதினேன். உடனே மட்டம், நடுத்தரம், உயரம் என்று பிரித்துப் போட்டாள். இலவம்பஞ்சை எப்படி வெயிலில் காயவைத்துத் தட்டவேண்டும் என்று ஒரு வீடியோ வேறு. அதைத்தான் ஊரே பார்த்தது. பெங்களூரிலிருந்து ஒரு பெண், 'எங்கள் அடுக்குமாடியில் பால்கனி வெயில் போதுமா அக்கா?' என்று கேட்டாள்.

அவளிடம் ஒரு குணம் சார். தர்மராஜ் திட்டுகிற நாளில் எனக்குக் காபியோடு உளுந்தவடையும் வரும். "அவரு இன்னிக்கி ரொம்பக் கோவமா இருக்காரு, பசி போல" என்று சொல்லிக்கொண்டே என் கையில் தட்டைக் கொடுப்பாள். அவருக்குப் பசித்தால் எனக்கு ஏன் வடை? நான் கேட்கவில்லை. வடை நன்றாக இருக்கும்.

ஒருமுறை கல்யாணத்துக்குக் குரங்கணிப் பக்கம் போயிருந்தேன். மலையில் சிக்னல் கிடையாது. திரும்பி வந்ததும் சொல்கிறாள், "நீங்க இல்லாத நேரம் பார்த்து தர்மராஜும் வரல. அவரு ஊர்லயும் டவர் இல்ல போல." திண்டுக்கல்லில் டவர் இருக்காதா? அவளுக்கு இந்த விஷயமெல்லாம் அவ்வளவுதான் தெரியும்.

பிறகு பெரிய அம்பை எடுத்தேன். 'கடையில் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்து வாங்கலாம். போனுக்குள் எப்படிக் கையை விடுவது? எதை நம்பி வாங்குவது?' இதற்குப் பதில் கிடையாது என்று நினைத்தேன். என் சொந்தக் கேள்வி அது. ஆரம்பத்திலிருந்தே என் மனதில் இருந்தது. அன்று பூராவும் அவள் பதில் போடவில்லை. எனக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் பார்சல் கட்டும்போது பார்க்கிறேன், தலையணையை வாய் தைக்காமல் வைக்கிறாள். துணியின் ஓரத்தில் நூல் கோத்த ஊசி ஒன்றைக் குத்தி வைக்கிறாள். "கையை விட்டுப் பார்த்துட்டு அவங்களே தைச்சுக்கட்டும். பிடிக்கலேன்னா திருப்பி அனுப்பட்டும்" என்றாள். ஜனங்கள் அதைப் பிரிப்பதை, துழாவுவதை, கோணலாகத் தைப்பதை எல்லாம் வீடியோ எடுத்து எடுத்துப் போட்டார்கள். ஆம்பிளைகள் தைப்பதைப் பார்க்கவே தனிக் கூட்டம். ஊசி வேண்டும் என்பதற்காகவே தலையணை வாங்கினார்களோ என்று தோன்றியது.

அப்போதே நான் நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஜெயிக்கவேண்டும் என்று இருந்தது. கடை தோற்றால்தான் நான் ஜெயிப்பேன் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் திட்டியிருப்பேனோ என்னவோ. திட்டுவதில் ஒரு ருசி வந்துவிட்டது சார். தர்மராஜ் வரவில்லை என்றால் ஜனங்கள் தேடினார்கள். 'ஐயா எங்கே?' என்று கேட்டார்கள். என் வாழ்நாளில் சுருளிவேலை யாரும் அப்படித் தேடியதில்லை.

பொங்கல் நெருங்கியது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து கேட்டிருந்தார்கள். எல்லாக் கட்டிலுக்கும் தலையணை. அது கிடைத்தால் கடை நிற்கும், கிடைக்காவிட்டால் ஃபோம். சவுந்தரபாண்டி எனக்கு நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டான், சுழல்கிற நாற்காலி. அந்தச் சமயத்தில் எவனோ ஒருவன், பெயரும் கிடையாது முகமும் கிடையாது, எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் வந்து எழுதினான்: 'இவர்கள் மில் கழிவுப் பஞ்சைக் கலக்குகிறார்கள். விசாரித்துவிட்டு வாங்கவும்.'

பெயரில்லாமல் வந்து எழுதுகிறவன் எல்லாம் ஒரு மனிதனா சார்?

இல்லத்து மேலாளர் அம்மா கேட்டுவிட்டார், 'இது உண்மையா? எங்களுக்கு யோசனையாக இருக்கிறது.' இந்திராணி பதில் எழுதுவாள், அழிப்பாள். எழுதுவாள், அழிப்பாள். "நாம இல்லேன்னு சொன்னா யாருங்க நம்புவா? விக்கிறவ சொல்றதுதானேன்னு நினைப்பாங்க" என்றாள். அன்றைக்கு வடை இல்லை, காபியும் இல்லை.

நான் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். தர்மராஜ் எழுதினார் பாருங்கள்: 'இந்தக் கடையை என்னளவுக்குத் திட்டியவன் இந்தப் பக்கத்தில் ஒருவன் உண்டா? படம் சரியில்லை என்றேன். உயரம் சரியில்லை என்றேன். இனியும் சொல்வேன். ஆனால் கழிவு என்று சொல்லாதே. அந்தக் கடையில் ஒரு மனிதர் இருக்கிறார். பேச்சில் இனிமை கிடையாது. வாடிக்கையாளரிடம் சிரிக்கத் தெரியாது. ஆனால் இலவங்காயை உடைத்தால் விதை ஒன்று பாக்கியில்லாமல் பொறுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். வாய் தைக்காமல்தானே அனுப்புகிறார்கள்? கையை விடு. துழாவு. கழிவு ஒரு இழை கிடைத்தால் எனக்குச் சொல், நான் போடிக்கே போய்ச் சண்டை போடுகிறேன்.'

எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. எவ்வளவு நல்ல மனிதர் அந்தத் தர்மராஜ்.

முன்னால் கிணுக் என்றது. அவள் இந்த முறை உரக்கப் படிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "ஏங்க, கண்ணுல தூசி விழுந்திருச்சு" என்றாள். இத்தனை வருஷமாகப் பஞ்சுக்கடையில் இருப்பவளுக்கு அன்றைக்குத்தான் தூசி விழுந்தது.

அதன் பிறகு கேட்கவேண்டுமா? 'திட்டுகிறவரே சொல்கிறார் என்றால் உண்மையாகத்தான் இருக்கும்' என்று ஆளாளுக்கு எழுதினார்கள். பழைய வாடிக்கையாளர்கள் வாயைப் பிரித்துப் பஞ்சைக் காட்டினார்கள். மேலாளர் அம்மா ஆர்டரை உறுதிப்படுத்தினார். கடை நின்றது. சுழல்கிற நாற்காலியில் இப்போது சவுந்தரபாண்டியே சுற்றிக்கொண்டிருக்கிறான். பந்தயப்படி கடை இந்திராணிக்கு. நான் பஞ்சு பார்க்கிறேன். அது முன்பும் நான்தான் பார்த்தேன்.

இதோடு விட்டிருந்தால் நான் இன்று இந்தப் பஸ்ஸில் இருக்கமாட்டேன். பொங்கல் முடிந்ததும் ஃபேஸ்புக் பக்கத்தில் அறிவித்துவிட்டாள்: 'எங்களைத் திட்டித் திட்டி ஆளாக்கிய தர்மராஜ் ஐயாவுக்கு எங்கள் கையால் ஒரு தலையணை. முகவரி தரவும்.' தர்மராஜ் வேண்டாம் என்றார். ஜனங்கள் விடவில்லை. ஐயா கூச்சப்படுகிறார் என்றார்கள். வேறு வழியில்லாமல் தர்மராஜ், 'வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன்' என்று எழுதினார். அவள் உடனே, 'என் வீட்டுக்காரரையே அனுப்புகிறேன். நேரில் கொடுத்து போட்டோ எடுத்து வருவார்.'

திண்டுக்கல்லில் எனக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லோரையும் அவளுக்குத் தெரியும். உங்களைத் தெரியாது. மீசையும் இருக்கிறது.

காலையில் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். இரண்டு பேருக்குக் காணும். "அவரோட சேர்ந்து சாப்பிடுங்க" என்றாள். "அவருக்கு உயரம் ஆகாதுங்க. திட்டுறதைப் பார்த்தா கழுத்துவலிக்காரர் மாதிரி தெரியுது. மட்டமா வெச்சிருக்கேன்" என்றாள். எனக்கும் கழுத்துவலிதான். நான் தலைக்கு வைப்பதும் இதே மட்டம்தான். அவள் கைக்கு அந்த அளவு பழகிவிட்டது போலிருக்கிறது.

வத்தலக்குண்டு வந்துவிட்டது. இறங்குங்கள் சார். காபி என் செலவு. அந்தத் தூணோரம் நில்லுங்கள். எல்லா பஸ் ஸ்டாண்டுத் தூணும் ஒரே மாதிரிதானே, திண்டுக்கல் என்றால் நம்பிவிடுவாள். முதலில் வாயில் கையை விட்டுப் பாருங்கள். அது எங்கள் கடை மரியாதை, பொய் தர்மராஜாக இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. நன்றாக உள்ளே விடுங்கள். என்ன? தைல வாசனையா? இருக்காது. கொடுங்கள்.

ஆமாம்.

இது பழைய பஞ்சு சார். காயவைத்துத் தட்டியிருக்கிறாள், ஆனால் பழையது. இந்தத் தைலம் நான் கழுத்துக்குப் போடுகிற தைலம். என் தலையணையைப் பிரித்து இதில் அடைத்திருக்கிறாள். அவசரத்தில் கூடை மாறிப் போயிருக்கும். பாருங்கள், ஒரு பரிசு கொடுப்பதில்கூட இப்படிக் கவனக்குறைவு. சரி, நேராக நில்லுங்கள். தாடையைக் கொஞ்சம் தூக்குங்கள். கோபமாக. இவ்வளவு கோபம் வேண்டாம். போதும்.

அனுப்பிவிட்டேன். வண்டி எடுக்கிறான், ஏறுங்கள். நான் திண்டுக்கல் வரைக்கும் வந்துதான் திரும்புவேன் சார். இங்கேயே இறங்கித் திரும்பலாம்தான். ஆனால் பொய் சொல்வதிலும் ஒரு நேர்மை வேண்டாமா?

இதோ, பதில் வந்துவிட்டது. 'மீசை நல்லா இருக்கு. வத்தலக்குண்டுல காபி நல்லா இருக்கும், ரெண்டு பேரும் குடிங்க. தலையணையைத் திரும்பக் கொண்டு வந்துடுங்க. ராத்திரி உங்களுக்குத் தலைக்கு வேற இல்ல.'

வத்தலக்குண்டு என்று எப்படி... வண்டி அங்கே நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்கிறீர்களா? தெரிந்திருந்தால் இவ்வளவு நாளில் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டாளா? மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் சார்.

ஆனால் ஒன்று. ஒருவருக்குப் பரிசு என்று ஊரறியச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அடுத்த நிமிஷம் திரும்பக் கொண்டு வா என்றால் என்ன அர்த்தம்? அதுவும் பழைய பஞ்சு. இதைத் தர்மராஜ் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? இந்தத் தலையணையைக் கொஞ்சம் பிடியுங்கள், எழுதிவிடுகிறேன். 'பரிசு என்று கையில் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கிக்கொள்வதுதான் போடி வழக்கமா?' எப்படி இருக்கிறது? போட்டுவிட்டேன்.

இப்போது பாருங்கள், திணறுவாள்.

வந்துவிட்டதா? அதற்குள்ளா? படிக்கிறேன். 'தர்மராஜ் ஐயா, தப்புதான், மன்னிக்கணும். ஜன்னல் ஓரம் உட்காராதீங்க. எதிர்க்காத்து கழுத்துக்கு ஆகாது.'

பார்த்தீர்களா, திட்டுகிறவனிடம்கூட எவ்வளவு அக்கறை. வாடிக்கையாளரை இப்படித்தான் கவனிக்கவேண்டும் என்று நான் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது.

சார், தப்பாக நினைக்காவிட்டால் நீங்கள் இந்தப் பக்கம் மாறி உட்காருகிறீர்களா? ஜன்னல் காற்று கழுத்தில் அறைகிறது.